சின்னப் பெட்டியா, பெரிய பெட்டியா? கணக்குப் போட்டு வாங்குவோம்!



போன மாதம் இதே சுவரில் "வீடியோ கேம் நன்மையா, தீமையா?" என்று ஒரு கட்டுரை வந்தது. எல்லோரும் படித்திருப்பீர்கள். நான் எழுதப்போவது அது இல்லை. வாங்குவது என்று ஒரு வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள், சரி. அப்போ எதை வாங்குவது? குறைந்த விலைப் பெட்டியா, கூடுதல் விலைப் பெட்டியா? இதுதான் என் கட்டுரை.

"உனக்கு எதுக்கு இதெல்லாம், இது பசங்க சமாச்சாரம்" என்று வகுப்பில் சிலர் சிரித்தார்கள். பெருக்கலும் கழித்தலும் பசங்களுக்கு மட்டுமா சொல்லிக் கொடுக்கிறார்கள்? முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

எங்க பெரியப்பா மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒரு வருசமாகச் சீட்டுப் போட்டுச் சேர்க்கிறார். தீபாவளி போனஸும் சேர்ந்தால் ஒரு கேம் பெட்டி வாங்கணும் என்பது அவர் ஆசை. "மலிவானதையே வாங்கிடலாம்ல, ரெண்டிலும் ஒரே விளையாட்டுத்தானே ஓடுது" என்று போனில் கேட்டார். கேட்கும்போது சரி என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு வருச உழைப்பு அது. தோன்றுவதை வைத்து வாங்க முடியுமா?

முதலில் விவரம் பார்ப்போம். 2020 நவம்பர் 10-ம் தேதி மைக்ரோசாஃப்ட் கம்பெனி ஒரே நாளில் இரண்டு பெட்டி விட்டது. பெரியது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், அமெரிக்காவில் 499 டாலர். சின்னது சீரிஸ் எஸ், 299 டாலர். நம் நாட்டில் பெரியது 49,990 ரூபாய், சின்னது 34,990 ரூபாய். இரண்டே நாளில் சோனி கம்பெனி அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 5-ஐ விட்டது. அதிலும் இரண்டு வகை. டிஸ்க் போடும் வாய் உள்ளது 499 டாலர், டிஸ்க் வாய் இல்லாத டிஜிட்டல் வகை 399 டாலர். அது நம் நாட்டுக்கு 2021 பிப்ரவரி 2-ல் வந்தது. விலை 49,990, 39,990.

இந்த இரண்டு கம்பெனியும் விலையைக் குறைத்த விதம் வேறு வேறு. சோனியின் டிஜிட்டல் வகையில் உள்ளே இருக்கும் சக்தி எல்லாம் பெரியதேதான். டிஸ்க் வாய் மட்டும் கிடையாது. சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் வாயும் கிடையாது, படம் வரையும் சக்தியும் குறைவு, நினைவகம் 16 ஜிபிக்குப் பதில் 10 ஜிபி, சேமிக்கும் இடம் 1 டிபிக்குப் பதில் 512 ஜிபி. அதனால் "டிஜிட்டல்", "சின்னது" என்று கடையில் சொன்னால் எது குறைந்திருக்கிறது என்று திருப்பிக் கேட்கணும்.

இப்போ கணக்குக்கு வருவோம்.

கணக்கு ஒன்று: இடம்.

512 ஜிபி என்று அட்டையில் போட்டிருந்தாலும் சீரிஸ் எஸ்ஸில் விளையாட்டுக்குக் கிடைப்பது சுமார் 364 ஜிபிதான். மீதி அந்தப் பெட்டியே எடுத்துக்கொள்ளும். இன்றைய பெரிய விளையாட்டு ஒன்று 100 ஜிபியைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. அப்போ மூன்று வைத்தால் நிறைந்துவிடும். நாலாவது வேண்டும் என்றால் ஒன்றை அழிக்கணும். அல்லது கூடுதல் கார்டு வாங்கணும். 2020-ல் அதற்கென்றே வந்த 1 டிபி கார்டு 220 டாலர். 299-ஐயும் 220-ஐயும் கூட்டிப் பாருங்கள். 519! பெரிய பெட்டியே 499-தானே? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று எங்க அப்பத்தா சொல்வது இதைத்தான்.

இது புதுசும் இல்லை. 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோதும் இதே கதை. கோர் என்ற சின்ன வகை 299 டாலர், பெரிய வகை 399 டாலர். சின்னதில் ஹார்டு டிஸ்க் கிடையாது. தனியாக வாங்கினால் 100 டாலர். ஆக, வித்தியாசம் தீர்ந்துபோச்சு. 2023-ல் சோனி கொண்டுவந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் வாய் இல்லாதது 450 டாலர், அந்த வாயைப் பின்னால் தனியாக வாங்கி மாட்டினால் 80 டாலர். மொத்தம் 530. முதலிலேயே டிஸ்க் வாயோடு வாங்கியிருந்தால் 500 டாலர்தான். கையில் காசு இல்லாததால் பிரித்து வாங்குகிறவர்தான் கூடுதலாகக் கொடுக்கிறார். பலசரக்குக் கடையில் எண்ணெயைச் சின்னப் பாக்கெட்டாக வாங்குகிற வீடுகளுக்கு இது நன்றாகவே தெரியும்.

கணக்கு இரண்டு: டிவி.

பெரிய பெட்டியின் பெருமையே 4கே படம். அதாவது படத்தில் 3840 × 2160 புள்ளிகள். பெருக்கினால் 82,94,400. ஃபுல் ஹெச்டி டிவியில் 1920 × 1080, அதாவது 20,73,600. சரியாக நாலில் ஒரு பங்கு. நம் ஊரில் பெரும்பாலும் இருக்கும் 32 இஞ்ச் டிவிகளில் பல அதற்கும் கீழே, 1366 × 768 தான். அந்த டிவியில் எட்டுப் புள்ளி அனுப்பினால் ஒரு புள்ளிதான் தெரியும். பெரிய பெட்டியின் வேகம் வேறு சிலதுக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் 4கே என்பதற்காகக் கொடுத்த காசு அந்த டிவியில் கண்ணுக்குத் தெரியாது. சீரிஸ் எஸ் 1440 வரிப் படத்துக்காகச் செய்தது. இந்த டிவிகளுக்கு அதுவே அதிகம்.

இன்னொன்று. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் பின் வைத்த பழைய பெட்டி டிவி எங்க தெருவில் இன்னும் ரெண்டு வீட்டில் ஓடுகிறது. இந்தக் கேம் பெட்டிகளில் ஹெச்டிஎம்ஐ வயர் மட்டும்தான் வரும். நேராக மாட்டவே முடியாது. டிவியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் யாரும் கடைக்குப் போகாதீர்கள்.

இதுவரை படித்தவர்கள் "அப்போ சின்னதே போதும்னு சொல்றியா?" என்று கேட்பீர்கள். இல்லை. மூன்றாவது கணக்கில்தான் விசயமே இருக்கு.

கணக்கு மூன்று: டிஸ்க்.

பிளேஸ்டேஷன் 5 நம் நாட்டுக்கு வந்தபோது சோனியின் சொந்தப் புது விளையாட்டு ஒன்று 4,999 ரூபாய். அண்ணனோடு வேலை பார்க்கும் ரெண்டு பேரிடம் ஏற்கனவே டிஸ்க் போடும் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு டிஸ்க் வாங்கி மாற்றிக்கொண்டால், ஒருவர் செலவு 4,999. ஆடுவது மூன்று விளையாட்டு. டிஸ்க் வாய் இல்லாத பெட்டியில் அதே மூன்றையும் தானே வாங்கணும். 14,997 ரூபாய். மிச்சம் எவ்வளவு? 9,998! இரண்டு பெட்டிக்கும் விலை வித்தியாசம் 10,000. ஒரே ஒரு சுற்று மாற்றிக்கொண்டாலே வித்தியாசம் வசூல், ரெண்டு ரூபாய்தான் பாக்கி. ஆடி முடித்த டிஸ்கைப் பாதி விலைக்கு விற்கலாம். செகண்ட் ஹேண்டில் வாங்கவும் செய்யலாம். தெருவில் ஒரு கதைப் புத்தகம் வாங்கினால் பத்து வீடு சுற்றி வருதே, அந்த மாதிரி.

டிஸ்க் வாய் இல்லாத பெட்டிக்கு ஒரே கடைதான், கம்பெனியின் நெட் கடை. அங்கேயும் தள்ளுபடி போடுவார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாங்கியதை விற்க முடியாது, டிஸ்க் மாதிரி கை மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பேரம் பேச எதிர்க்கடை கிடையாது. அப்புறம் நெட். தினம் 2 ஜிபி கார்டு போட்டிருப்பவர் 100 ஜிபி விளையாட்டை இறக்கணும் என்றால் 50 நாள் ஆகும், அதுவும் வீட்டில் வேறு யாரும் போனைத் தொடாமல் இருந்தால்! டிஸ்க் இருந்தாலும் விளையாட்டைப் பெட்டியில் ஏற்றித்தான் ஆடணும், சிலதுக்கு மேற்கொண்டு நெட்டும் கேட்கும், உண்மைதான். ஆனாலும் டிஸ்கில் இருப்பது மிச்சம்தானே?

கணக்கு நான்கு: சேர்ந்து ஆடுவது.

பால்டர்ஸ் கேட் 3 என்று 2023-ல் ஒரு விளையாட்டு வந்தது. அதில் ஒரே டிவியை இரண்டாகப் பிரித்து ரெண்டு பேர் உட்கார்ந்து ஆடலாம். சீரிஸ் எஸ்ஸில் அதை ஓட வைக்க முடியாததால் எக்ஸ்பாக்ஸுக்கு வருவதே தள்ளிப்போய், அந்த வருசம் டிசம்பரில்தான் வந்தது. வந்தபோதும் பெரிய பெட்டியில் ரெண்டு பேர் ஆடலாம், சின்னப் பெட்டியில் ஒருவர்தான். சின்னதுக்கு அந்த வசதி 2025-ல்தான் கிடைத்தது. அதுவரை எஸ் வாங்கிய வீட்டில் அக்காவும் தம்பியும் அதைச் சேர்ந்து ஆட ரெண்டு பெட்டி, ரெண்டு டிவி வேண்டும்!

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். வசதி குறைந்த வீட்டுக்கு 4கே வேண்டாம், அதைக் குறைத்தால் சரி. ஆனால் எது வேண்டும்? டிஸ்கை இரவல் கொடுத்து வாங்குவது வேண்டும். இருக்கிற ஒரு டிவியில் ரெண்டு பேர் உட்காருவது வேண்டும். சீரிஸ் எஸ்ஸில் இந்த இரண்டுக்கும்தான் அடி விழுந்தது. படத்தைக் குறைத்துவிட்டு டிஸ்க் வாயை விட்டு வைக்கக் கூடாதா? கூடும். நின்டென்டோ கம்பெனி 2017-ல் ஸ்விட்ச் என்ற பெட்டியை 300 டாலருக்கு விட்டது. 2019-ல் அதையே சின்னதாக்கி ஸ்விட்ச் லைட் என்று 200 டாலருக்குத் தந்தது. டிவியில் மாட்டும் வசதியைத்தான் எடுத்தார்கள். விளையாட்டு அட்டையைச் சொருகும் இடத்தை எடுக்கவில்லை. எனவே இரவல் அப்படியே இருக்கு. மனசு இருந்தால் மார்க்கம் உண்டு.

"அவசரப்படாதே, நாள் போனால் விலை இறங்கும்" என்று சிலர் சொல்வார்கள். முன்பெல்லாம் இறங்கியது. இந்தத் தடவை ஏறியது. அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த சீரிஸ் எஸ், 2025 மே மாதம் 380 டாலர், அதே அக்டோபரில் 400 டாலர். 499-க்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2025 ஆகஸ்டில் 550 டாலர். எனவே நான் மேலே சொன்ன ரூபாய் விலை எல்லாம் வந்த நாள் விலை. கடையில் அன்றைய விலையைக் கேட்டு இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். விலை மாறும், கணக்கு போடும் முறை மாறாது.

சின்னப் பெட்டியே வாங்கக் கூடாது என்பது என் கருத்து இல்லை. வீட்டில் நல்ல பிராட்பேண்ட் லைன் இருக்கு, மாசச் சந்தா கட்டிப் பல விளையாட்டை மாற்றி மாற்றி ஆடுவார்கள், டிஸ்க் மாற்ற ஆள் இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு சீரிஸ் எஸ் நல்ல பெட்டிதான். ஆனால் சந்தாவை நிறுத்திய அன்றே சந்தா விளையாட்டும் நின்றுவிடும் என்று தெரிந்து வாங்கணும்.

முடிவாக, வாங்கப் போகும் வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. உங்க டிவி என்ன டிவி? 4கே இல்லை என்றால் 4கேவுக்குக் காசு கொடுக்காதீர்கள்.
2. உங்க நெட் எப்படி? போன் டேட்டா மட்டும்தான் என்றால் டிஸ்க் வாய் இல்லாததைத் தொடாதீர்கள்.
3. உங்களைச் சுற்றி யாரிடம் என்ன பெட்டி இருக்கு? அவர்கள் டிஸ்க் உங்களுடையதில் ஓடுமா?
4. பெட்டியோடு கார்டு, ரெண்டாவது கன்ட்ரோலர், சந்தா எல்லாம் கூட்டி மூணு வருசத்துக்கு எவ்வளவு?

அண்ணனுக்கு நான் சொன்ன பதில்: "டிஸ்க் போடுற பெட்டியே வாங்குங்கண்ணா. காசு பத்தலன்னா இன்னும் நாலு மாசம் சீட்டுப் போடுங்க. சின்னதுன்னு டிஸ்க் இல்லாததை எடுக்காதீங்க." அவர் 4கே டிவி வாங்கப் போவதில்லை, ஆனால் டிஸ்க் மாற்ற ரெண்டு பேர் இருக்கிறார்கள். அதனால்தான் அப்படிச் சொன்னேன். கடன் வாங்கியோ, தவணை போட்டோ வாங்குவது என்றால் எந்தப் பெட்டியும் வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொன்னேன். யோசிக்கிறேன் என்றார்.

நண்பர்களே! குறைந்த விலை என்று அட்டையில் போட்டிருப்பது வாங்கும் அன்றைய விலைதான். எதைக் குறைத்துவிட்டு அந்த விலை வந்தது என்று கேட்பது நம் உரிமை. பெட்டிக்கு மட்டும் இல்லை, போனுக்கும் சைக்கிளுக்கும் இதைக் கேளுங்கள். என் கணக்கில் தப்பு இருந்தால் கீழே பென்சிலில் எழுதுங்கள், அடுத்த இதழில் பதில் தருகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி