மாலைதீவில் ஒரு காதியார்

ஷரியா என்றால் எங்கட ஆட்களுக்கு உடனே நினைவுக்கு வருவது வெட்டிய கையும் கல்லெறியும்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. சில வருடங்களுக்கு முன், கோப்பை கழுவும் வேலைக்கு லீவு கிடைக்கும் நாளில், பாரிசில் மத்தியகால இஸ்லாமியச் சட்டம் பற்றிய மாலை வகுப்பொன்றுக்குப் போனேன். தண்டனைகளின் பட்டியல் வரும் என்று நினைத்தேன். படிப்பித்த அம்மா கொண்டுவந்தது ஒரு கதைப்புத்தகம்.

1122இல் பஸ்ராவில் இறந்த அல்-ஹரீரியின் 'மகாமாத்' அது. 1237இல் அல்-வாசித்தி படம் வரைந்த அதன் பிரதி ஒன்று இங்கே பிரான்சின் தேசிய நூலகத்திலேயே இருக்கிறது. அதில் அலெக்சாந்திரியா நகரத்துக் காதியிடம் ஒரு பெண் புருசனை இழுத்துக்கொண்டு வருகிறாள். முத்துக் கோர்ப்பவன் என்று பொய் சொல்லிக் கட்டினான், என் சாமான்களையும் விற்றுத் தின்றுவிட்டான் என்பது வழக்கு. அவனோ, நான் கோர்ப்பது சொல் முத்து என்கிறான். காதி இரங்கித் தர்மப் பணத்தில் கொஞ்சம் கொடுத்து அனுப்புகிறார். பிறகுதான் இருவரும் சேர்ந்து தன்னை ஏமாற்றியது தெரிந்து விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

கற்பனைதான். ஆனால் பெண் தானே வந்து வழக்குச் சொல்வதும், காதி இரு பக்கத்தையும் கேட்பதும் அன்றைய வாசகருக்குப் புதினமாக இருந்திருந்தால் பகிடி எடுபட்டிருக்காது. சட்ட நூல் விதியைச் சொல்லும். அந்த விதிக்கு முன்னால் மனிசர் எப்படி நின்றார்கள் என்பதற்கு இப்படியான கதைகள்தான் வேண்டும்.

அடுத்து வந்தவர் இப்னு பதூதா. மொரோக்கோக்காரர். 1343-44இல் மாலைதீவில் காதியாக இருந்தவர். ஒரு கள்வனின் கையை வெட்டச் சொன்னபோது சபையில் இருந்த சிலர் மயங்கி விழுந்தார்கள் என்று அவரே சொல்கிறார். அவர்களும் முஸ்லிம்கள்தான்! பெண்களை மேலாடை போட வைக்க முயன்று தோற்றதையும் ஒளிக்கவில்லை. வழக்குக்கு வரும் பெண்களை மட்டும்தான் அவரால் கட்டாயப்படுத்த முடிந்தது. வருடங்கள் கழித்து வாயால் சொல்லி எழுதுவித்த புத்தகம், புழுகும் இருக்கும். அதையும் சொல்லித்தான் படிப்பிக்க வேண்டும்.

சட்ட நூலை மட்டும் வைத்துப் படிப்பிப்பது எவ்வளவு பிழை என்று விளங்க எங்கட தேசவழமையைப் பாருங்கள். ஒல்லாந்தர் 1707இல் எழுதுவித்த தொகுப்பை மட்டும் வாசித்துவிட்டு ஒருவர் 'யாழ்ப்பாணத்தார் வாழ்ந்தது இப்படித்தான்' என்று எழுதினால் விடுவோமா? முஸ்லிம்களைப் பற்றி மட்டும் அப்படி எழுதுவதை வாசித்துவிட்டுத் தலையாட்டுகிறோம்.

மாலைதீவில் இருந்து வெளிக்கிட்ட இப்னு பதூதா 1344இல் இலங்கையில் இறங்கினார். அவர் பத்தாலா என்று எழுதும் ஊர் புத்தளம் என்பார்கள். அங்கே அவரை வரவேற்று, முத்தும் கொடுத்து, பாவா ஆதம் மலைக்குப் போகப் பல்லக்கும் ஆட்களும் கொடுத்தவர் எங்கட ஆரியச்சக்கரவர்த்தி. ஊரில் படித்த காலத்தில் இதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.

1990 ஒக்ரோபரில் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்களில் பெரும்பகுதியினர் அடைக்கலம் தேடிப் போனதும் அதே புத்தளத்துக்குத்தான். என் வகுப்புப் பெடியன் ஒருவனும் அதில் போனான். அவன் வீட்டில் கலியாணம், காணிப் பங்கீடெல்லாம் எந்தச் சட்டப்படி நடக்கும் என்று, பக்கத்து வாங்கில் அத்தனை வருடம் இருந்தும், நான் ஒருநாளும் கேட்டதில்லை.