பங்குதாரரே தணிக்கையாளரா?

வடகிழக்கு நீர்மின் திட்டங்களில் அந்தந்த மாநில அரசுகள் பங்கு வாங்க உதவியாக, 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 4,136 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மாநிலமே முதலாளியாகிவிட்ட பிறகு அணைகளுக்கு எதிர்ப்பு எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். சிக்கிமைக் கேளுங்கள். 1,200 மெகாவாட் தீஸ்தா-3 திட்டத்தில் பெரும்பங்கு அந்த மாநில அரசிடம்தான் இருந்தது. 2023 அக்டோபரில் தெற்கு லோனாக் பனிப்பாறை ஏரி உடைந்து, அத்திட்டத்தின் சுங்தாங் அணையையே அடித்துக்கொண்டு போனது. ஏரி உடையக்கூடும் என்று ஆய்வாளர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள். லாபத்தில் பங்கு என்றால் நட்டத்திலும் பங்குதான். அதைவிட மோசம், அணை பாதுகாப்பானதா என்று அதட்டிக் கேட்க வேண்டிய அரசே பணம் போட்டவராக நிற்பது. நீர்மின் திட்டங்களைக் கேள்வி கேட்பதால் நிலக்கரிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பங்குத்தொகையை விடுவிக்கும் முன், ஏரி அபாய மதிப்பீட்டை ஆற்றங்கரை மக்களின் மொழியிலேயே வெளியிடுங்கள்.