அம்பாசடருக்குப் புதுக் கால்கள் வேண்டுமா?

பவானிபூரில் என் எதிர்வீட்டுக்காரரை எல்லோரும் 'தாதா' என்றுதான் அழைக்கிறார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர் இதைக் கேட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. வங்காளியில் தாதா என்றால் அண்ணன். மனிதர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், பரம சாது. அவரிடம் இருக்கும் ஒரே முரட்டுப் பொருள், அப்பா 1972-ல் வாங்கிய அம்பாசடர் மார்க் 2.

அந்தக் கார் இப்போது படுத்துகிறது. பிரேக் போட்டால் மூக்கைத் தரையில் குத்துகிறது. நேராகப் பிடித்தால் வலதுபுறம் இழுக்கிறது. ஆஷுதோஷ் முகர்ஜி சாலையின் ஒவ்வொரு குழியையும் பற்களால் எண்ணிவிடலாம். மிஸ்திரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, முன்பக்கத்தை அடியோடு அறுத்து எடுத்துவிட்டு, புதுக் கார் ஒன்றின் காயில் ஸ்பிரிங் அமைப்பை வெல்டிங் செய்து தருவதாகச் சொன்னாராம். செய்யலாமா என்று தாதா என்னைக் கேட்டார். ஒரு காலத்தில் மோட்டார் கையேடு ஒன்றைத் தமிழாக்கம் செய்த பாவம் என்னுடையது. அதில் சஸ்பென்ஷனை 'தொங்கமைப்பு' என்று எழுதி, தட்டச்சு செய்தவரிடமே திட்டு வாங்கினேன். அரசு ஊழியருக்கு வந்தால் பணிநீக்கம், காருக்கு வந்தால் தொங்கலா என்று கேட்டார். இனி இங்கே சஸ்பென்ஷன்தான்.

அம்பாசடரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. நீளமான எஃகுத் தண்டு, அதாவது டார்ஷன் பார், இரு புறமும் ஒவ்வொன்று இருக்கிறது. ஒரு நுனி சக்கரத்தைத் தாங்கும் கையோடும் மறுநுனி காரின் உடலோடும் பிணைந்திருக்கும். சக்கரம் மேட்டில் ஏறினால் ஈரத் துண்டைப் பிழிவதுபோலத் தண்டு முறுக்கிக்கொள்ளும். இறங்கினால் முறுக்கை விடும். 1948-ல் மோரிஸ் மைனருக்காக அலெக் இஸிகோனிஸ் கையாண்ட ஏற்பாடு இது. அவர்தான் பின்னாளில் மினியை உருவாக்கியவர். மோரிஸ் ஆக்ஸ்போர்டு வழியாக ஹூக்ளிக் கரையில் உள்ள உத்தர்பாரா தொழிற்சாலைக்கு வந்து, 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை அம்பாசடரைத் தாங்கியது. கல்கத்தாவின் மஞ்சள் டாக்ஸிகள் ஆறு பேரையும் மூட்டைகளையும் சுமந்து ஓடியது இந்தத் தண்டுகளின் மேல்தான். அப்படிப்பட்டதை 'பழைய டெக்னாலஜி' என்று மிஸ்திரி சொன்னதில் எனக்குக் கொஞ்சம் கோபம்.

கோளாறு பெரும்பாலும் தண்டில் இருப்பதில்லை. முன் பம்பரின் ஓரத்தை அமுக்கிவிட்டுப் பாருங்கள். கார் ஒருமுறை எழுந்து நின்றால் சரி. ஊஞ்சலாடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. பிறகு சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் இரு கைகளால் பிடித்து ஆட்டுங்கள். லொடலொடத்தால் சக்கரத்தைத் திருப்பும் கிங் பின்னோ அதன் மூட்டுகளோ தேய்ந்திருக்கின்றன. இதைத்தான் அலட்சியம் செய்யக் கூடாது. கிரீஸ் காணாத மோரிஸ் மைனரில் இந்த மூட்டின் மரைகள் தேய்ந்து, ஓடும்போதே முன்சக்கரம் மடங்கிப் படுத்துவிடுவது இங்கிலாந்தில் பேர்போன சங்கதி. தாதாவின் காரில் இரண்டு சோதனையும் தோல்வி. ரப்பர் புஷ்கள் பொரித்த அப்பளம்போல உதிர்ந்தன.

அமெரிக்காவில் பழைய மஸ்டாங் வைத்திருப்பவர்கள் முன்பக்கத்தையே முழுசாக மாற்றும் கிட் வாங்குவதுண்டு. ஆனால் 1965-ல் கேரோல் ஷெல்பி தன் ஜிடி 350-க்குச் செய்தவற்றில் பேர்பெற்றது எது தெரியுமா? மேல் கை பொருந்தும் துளைகளை ஓர் அங்குலம் கீழே இறக்கியது. செலவு கொஞ்சம், திருப்பத்தில் கார் நின்ற விதமே வேறு. கோணம் சரியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. உற்பத்தியாளர் தந்த அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2021-ல் வந்த விதிப்படி, 50 ஆண்டு தாண்டி, சேஸிஸ், பாடி, என்ஜினில் கைவைக்காமல் பேணிய வண்டிக்கு 'விஏ' எழுத்துகளுடன் தனிப்பதிவு உண்டு. புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். வெல்டிங் டார்ச் பட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். அந்தப் பதிவிலும் ஒரு சிக்கல்: கண்காட்சி, பேரணி என்று சிலவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம், அன்றாடம் ஓட்ட முடியாது. "எல்கின் ரோடில் நேதாஜியின் வாண்டரர் நிற்கிறது. 1941-ல் கோமோ வரை ஓடிய வேலை முடிந்துவிட்டது, நிற்கலாம். என் வண்டிக்கு இன்னும் வேலை இருக்கிறது" என்றார் தாதா. வாரம் இருமுறை மனைவியை டயாலிசிஸுக்கு அழைத்துப்போவது இந்தக் காரில்தான். அந்த அம்மாளுக்கு உயரமான பின்சீட்டில் ஏறுவதுதான் சுலபம்.

ஆகவே நான் சொன்னது இது. டார்ஷன் பாரைத் தொடாதீர்கள். கிங் பின், மூட்டுகள், புஷ்கள் எல்லாம் இரு புறமும் புதிதாகட்டும். பிந்தைய அம்பாசடர்களில் வந்த டெலஸ்கோபிக் ஷாக் அப்சார்பரும் முன் டிஸ்க் பிரேக்கும் அதே குடும்பத்துச் சரக்கு. வெட்டி ஒட்டாமல் பொருந்துமானால் மட்டும், போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, போடலாம். முன்பக்கம் தாழ்ந்திருந்தால் தண்டின் பல்லை மாற்றிக் கோத்து உயர்த்தலாம். கழற்றும்போது இடது, வலது என்று சாக்பீஸில் எழுதிவைக்க வேண்டும். ஒரே திசையில் முறுக்கிப் பழகிய எஃகை எதிர்ப்பக்கம் மாட்டினால் ஒருநாள் முறிந்துவிடும்.

மிஸ்திரிக்கு வருத்தம்தான். தாதா மல்லிக் பஜாரில் மூன்று நடை நடந்து, மூட்டுகளைச் சேர்த்துவிட்டார். இடதுபக்க மேல் புஷ் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை அந்த அம்மாளுக்கு வாடகைக் கார். தாழ்வான சீட்டில் உட்காரும்போதெல்லாம் அவர் தாதாவை ஒரு பார்வை பார்க்கிறார். தாதா என்னைப் பார்க்கிறார்.