19-க்கும் 30-க்கும் இடையில்...

வீடு வீடாகச் செல்லும் ஆஷா பணியாளர்களிடம் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு படிவத்தை அளித்திருக்கிறது. மார்பகத்தில் கட்டி இருக்கிறதா, காம்பிலிருந்து ரத்தம் கலந்த கசிவு உண்டா, மார்பகத்தின் அளவிலோ வடிவத்திலோ மாற்றம் தெரிகிறதா என்று பெண்களிடம் கேட்டு அதில் குறிக்க வேண்டும். பாராட்டத்தக்க ஏற்பாடுதான். ஆனால், அது 30 வயது நிறைந்தவர்களுக்காக வகுக்கப்பட்ட படிவம். அதே வீட்டில் உள்ள 22 வயது மகளுக்குக் கட்டி இருந்தால் கேட்பார் இல்லை. அவளாகச் சொல்வதும் அரிது.

2016-இல் வெளியான மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள், 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மார்பகப் பரிசோதனை செய்ய வேண்டும் என்கின்றன. வளரிளம் பருவத்தினருக்காக 2014-இல் தொடங்கப்பட்ட தேசியத் திட்டமோ 19 வயதுடன் நின்றுவிடுகிறது. இடைப்பட்ட பத்தாண்டுகளில் அரசு மருத்துவ அமைப்பு ஒரு பெண்ணைத் தேடி வருவது பெரும்பாலும் அவள் கருவுற்றால்தான்.

மார்பகக் கட்டிகள் அதிகம் தென்படும் வயதும் இதுவே என்பதுதான் வேதனை. 15 முதல் 35 வயதுக்குள் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை 'ஃபைப்ரோஅடினோமா' எனப்படும் சாதாரணக் கட்டிகள். வழவழப்பாக, வலியின்றி, விரலுக்கு அகப்படாமல் நழுவும். புற்றுநோய் அல்ல. பல கட்டிகள் வளராமல் அப்படியே இருக்கும். சில தாமாகவே சுருங்கும். மாதவிலக்கை ஒட்டி வலியுடன் தோன்றி மறையும் தடிப்புகளும் அச்சத்துக்குரியவை அல்ல. பாலூட்டும் தாய்மார்களுக்குப் பால் கட்டுவதும் சீழ் பிடிப்பதும் உண்டு. இந்தியாவில் காசநோய்கூட சில சமயம் மார்பகக் கட்டியாக வெளிப்படுகிறது.

எனினும், எது சாதாரணமானது என்று தொட்டுப் பார்த்து வீட்டில் தீர்மானிக்க முடியாது. மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்தாண்டு முன்னதாகவே இந்தியப் பெண்களை மார்பகப் புற்றுநோய் தாக்குகிறது. இருபதுகளில் அது அரிது. அறவே இல்லை என்று சொல்வதற்கில்லை.

காம்பின் தோலில் வரும் தொல்லைகள் இன்னும் ஆழமாக மறைக்கப்படுகின்றன. சோப்பு, சலவைத்தூள், இறுக்கமான உள்ளாடை ஆகியவற்றால் வரும் ஒவ்வாமை, எக்ஸிமா, சிரங்கு, பாலூட்டும்போது ஏற்படும் வெடிப்பு என்று காரணங்கள் பல. எல்லாவற்றுக்கும் சிகிச்சை உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறு புடைப்புகளோ நோயே அல்ல. ஆனால், மருத்துவரிடம் காட்டக் கூச்சப்படும் பெண் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவுகிறாள். மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தும் விற்பனை ஓயவில்லை. சிரங்கு என்றால் அந்தக் களிம்பு அதை மறைத்து வளர்க்கும். ஒரு பக்கக் காம்பில் மட்டும் தோன்றி ஆறாத புண், மிக அரிதாக 'பேஜட்' எனும் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். களிம்பு அதைக் கண்டறிவதையும் தாமதப்படுத்தும்.

அப்படியானால் 20 வயதுப் பெண்களுக்கெல்லாம் 'மேமோகிராம்' எடுத்துவிடலாமா? கூடாது. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் அதில் தெளிவு கிடைக்காது. வீண் பீதியும் வீண் அறுவைச் சிகிச்சையும்தான் மிஞ்சும். அறிகுறி இல்லாதவர்களைத் துருவத் தேவையில்லை. கட்டியோடு வருபவளுக்கு விடை சொல்ல வழி வேண்டும், அவ்வளவே. மருத்துவரின் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் ஊசி மூலம் திசுச் சோதனை ஆகிய மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் ஐயம் தீர்ந்துவிடும்.

அந்த வழிதான் அடைபட்டிருக்கிறது. நம் அரசு மருத்துவமனைகளில் மார்பகக் கட்டி பொது அறுவைச் சிகிச்சைப் பிரிவைச் சேர்ந்தது. குடலிறக்கத்துக்கும் மூலத்துக்கும் வந்தவர்கள் நிற்கும் வரிசையில், பெரும்பாலும் ஆண் மருத்துவர்களிடம், திருமணமாகாத பெண் தன் குறையைச் சொல்ல வேண்டும். அல்ட்ராசவுண்டுக்குத் தனியாகக் காத்திருக்க வேண்டும். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற இடங்களில் மட்டுமே அக்கருவியை இயக்க முடியும் என்பதால், சிற்றூருக்கு அதை எடுத்துச் செல்வதும் எளிதல்ல. அச்சட்டம் அவசியமானதே, அதன் விலையை வேறொரு பெண் கொடுக்கிறாள்.

2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்பீடு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை தருகிறது, மருத்துவமனையில் சேர்ந்தால். வெறும் புறநோயாளிப் பரிசோதனைக்குத் தருவதில்லை. அதாவது, கட்டியை வெட்டி எடுக்கச் சேர்ந்தால் பணம் கிடைக்கலாம். வெட்டத் தேவையில்லை என்று உறுதி செய்துகொள்ளக் கிடைக்காது. வரன் பார்க்கும் நேரத்தில் தழும்பு வேண்டாம் என்று கட்டியையே மறைக்கும் குடும்பங்களும் உண்டு; தேவையற்ற தழும்போடு திரும்பும் பெண்களும் உண்டு.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்று தில்லி கை கழுவ முடியாது. படிவமும் நெறிமுறையும் தேசிய சுகாதார இயக்கத்தின் நிதியில் பெரும்பங்கும் அங்கிருந்துதான் வருகின்றன. படிவத்தின் வயது வரம்பை 18 ஆக்கினால் ஆஷா பணியாளருக்குக் கூடுவது சில நிமிட வேலை. அதற்கேற்ற ஊக்கத்தொகையும் சேர வேண்டும். ஆனால், 'ஆம், கட்டி இருக்கிறது' என்று சொல்பவளை எங்கே அனுப்புவது என்பதற்கு விடை இல்லாமல் கேள்வியை மட்டும் கேட்பது கொடுமை. ஆகவே, மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு ஒரு நாள், பெண் மருத்துவர் ஒருவரும் அன்றே எடுக்கப்படும் அல்ட்ராசவுண்டும் கொண்ட தனிப் பிரிவு முதலில் வேண்டும். படிவத்தைத் திருத்துவது அதற்குப் பிறகு.