தர்ம காண்டா சொல்லாத கணக்கு

வட இந்தியப் பக்கம் நெடுஞ்சாலையில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். ஊருக்கு ஊர் 'தரம் காண்டா' என்று போர்டு தொங்கும். நம்ம ஊர் எடை மேடைதான். தர்மத் தராசு என்று அர்த்தம். லாரியை ஏற்றி நிறுத்தினால் மொத்தம் இத்தனை கிலோ என்று சீட்டு வரும். பேர் என்னவோ தர்மம்தான், ஆனால் அந்தச் சீட்டு சொல்வது பாதிக் கணக்கு என்பது என் கட்சி. மீதிப் பாதியால் மாட்டிக்கொள்வது டிரைவர். அதிலும் ட்ரெய்லர் ஓட்டுகிற டிரைவர்.

புனேயிலிருந்து பெங்களூர் வழியாகக் காரில் ஊருக்குப் போகிற நாம் எல்லோரும் வழி நெடுக இந்த ட்ரெய்லர்களைத்தான் ஓவர்டேக் செய்துகொண்டு போகிறோம். முன்னால் எஞ்சினும் கேபினும் உள்ள தலை. இங்கே அதை 'கோடா', அதாவது குதிரை என்கிறார்கள். பின்னால் தனியாக ட்ரெய்லர். இரண்டையும் சேர்ப்பது குதிரையின் முதுகில் இருக்கும் ஒரு இரும்புத் தட்டு. அதற்குப் பெயர் ஃபிஃப்த் வீல், ஐந்தாவது சக்கரம். உருளாத சக்கரம் :-) பழைய நாலு சக்கரக் குதிரை வண்டிகளில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கவைத்த வளையத்திலிருந்து வந்த பெயர். ட்ரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங் பின், அந்தத் தட்டின் பிளவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும்.

இங்கேதான் விஷயம். குதிரை ட்ரெய்லரை இழுக்கிறது என்றுதான் பார்க்கிற எல்லோரும் நினைக்கிறோம். இழுப்பது மட்டுமில்லை, சுமக்கவும் செய்கிறது. ட்ரெய்லருக்குப் பின்பக்கம் மட்டும்தான் சக்கரம். முன்பக்கத்துப் பாரம் முழுக்க அந்தத் தட்டு வழியாகக் குதிரையின் முதுகில்தான் இறங்குகிறது. எத்தனை டன் இழுக்கலாம் என்பது ஒரு கேள்வி, எத்தனை டன் சுமக்கலாம் என்பது வேறு கேள்வி.

2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியது. நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்ஸிலுக்கு 10.2 டன் என்றிருந்தது 11.5 டன் ஆனது. இரட்டை ஆக்ஸிலுக்கு 19 டன் 21 ஆனது, மூன்று ஆக்ஸில் கூட்டுக்கு 24 டன் 27 ஆனது. முன் ஆக்ஸிலுக்கு 7 டன் என்று வைத்து 7, 21, 27-ஐக் கூட்டிப் பாருங்கள், பெரிய ட்ரெய்லர்களுக்கான 55 டன் வரும். பின்னால் ஒற்றை ஆக்ஸில் உள்ள குதிரை என்றால் 7, 11.5, 27. மொத்தம் 45.5 டன். அதாவது மொத்த எடை என்பதே ஆக்ஸில் எடைகளைக் கூட்டி வந்ததுதான். ஆனால் கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடைகிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை, ஆனால் ரோட்டில் ஓடும் வண்டிகளுக்குப் பக்கத்தில் இருப்பவைதான். காலிக் குதிரை 7 டன், அதில் முன் ஆக்ஸிலில் 4.5, பின் ஆக்ஸிலில் 2.5. காலி ட்ரெய்லரும் 7 டன், அதில் 2 டன் கிங் பின்னில். லோடு 28 டன் ஸ்டீல் காயில். கூட்டினால் 42 டன். வரம்போ 45.5. மூன்றரை டன் குறைவு. சீட்டைப் பார்த்து ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒருத்தரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இப்போது காயிலை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். கிங் பின்னுக்கும் ட்ரெய்லர் சக்கரங்களின் மையத்துக்கும் நடுவே 8 மீட்டர். கிரேன்காரர் காயிலைச் சரியாக நடுவில் இறக்கிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். பாதி, அதாவது 14 டன் கிங் பின்னுக்கு. ஏற்கெனவே உள்ள 2 டன்னோடு 16. இதில் ஏழில் ஒரு பங்கு முன் ஆக்ஸிலுக்குப் போனாலும், குதிரையின் பின் ஆக்ஸிலில் ஏறக்குறைய 16.2 டன் உட்கார்ந்துவிடும். அனுமதி 11.5! ட்ரெய்லர் சக்கரங்களோ 27 டன் தாங்கும் இடத்தில் 19 டன்னோடு ஹாயாக உருண்டு வரும். அதே காயிலை 1.6 மீட்டர் பின்னால் தள்ளி வைத்திருந்தால்? பின் ஆக்ஸில் 11.4, ட்ரெய்லர் 24.6, முன் ஆக்ஸில் 6. எல்லாமே வரம்புக்குள். அதே வண்டி, அதே லோடு, அதே 42 டன். ஆள் உயரத்துக்கும் குறைவான தூரம்தான் வித்தியாசம்.

அதற்காக இன்னும் பின்னால் தள்ளிக்கொண்டே போகவும் முடியாது. கிங் பின்னில் பாரம் குறைந்தால் குதிரையின் சக்கரங்களுக்கு ரோட்டில் பிடி இருக்காது. மழையில் பிரேக் போட்டால் ட்ரெய்லர் பக்கவாட்டில் வந்து குதிரையையே மடக்கிவிடும்.

ஓவர்லோடு ரோட்டை என்ன செய்யும் என்பதை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவாவில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓடவிட்டே சோதித்தார்கள். ஆக்ஸில் எடை கூடினால் சேதம் ஏறக்குறைய நாலாம் அடுக்கில் கூடும். நம் கணக்கில் அந்த ஒரு ஆக்ஸில், அனுமதித்த எடையோடு ஓடுவதைப்போல நாலு மடங்கு சேதம் செய்கிறது. ரோடு கிடக்கட்டும். டயரும் பிரேக் டிரம்மும் அந்த ஆக்ஸிலில்தானே இருக்கின்றன? சேலம் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் தெரியும், புனேக்காரர்களுக்குக் கட்ரஜ் தாண்டி நவலே பாலம் வரையிலான சரிவு தெரியும். அந்த இறக்கத்தில் நமக்குப் பின்னால் வருகிற வண்டியின் பிரேக் சூட்டைத் தீர்மானித்தவர், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு யார்டில் கிரேன் ஓட்டியவர்.

சங்ககிரிக்காரர் ஒருவரிடம் தாபாவில் பேசிக்கொண்டிருந்தேன். இருபது வருஷ சர்வீஸ். "மொத்த எடை சரியாத்தான் இருக்குன்னு சீட்டக் குடுத்துட்டாங்க சார். எனக்கு வண்டிய எடுக்கும்போதே தெரியுது, பட்டை உக்காந்துருச்சு. தள்ளி வைங்கன்னா, அடுத்த வண்டி நிக்குது, கெளம்புன்னு சொல்றாங்க. காயில நான் கையாலயா தள்ள முடியும்? பட்டை உடைஞ்சா ஓனர் என்னத்தான் கேப்பார்." இதற்கு என்ன பதில் சொல்ல?

சட்டம் இல்லாமல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 194-ஆம் பிரிவுப்படி, 2019 செப்டம்பரிலிருந்து ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, இறக்கும் செலவு தனி. அதிகப்படி லோடை இறக்காமல் வண்டி நகரக் கூடாது. அபராதம் கட்டிவிட்டு அதே லோடோடு போக முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2005-லேயே சொல்லிவிட்டது. ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்ட வைப்பவரும் குற்றவாளிதான் என்றும் பிரிவில் இருக்கிறது. நடைமுறையில் ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டோரம் நிற்பது யார்? லோடு ஏற்றியவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்.

ஓவர்லோடு போடாமல் இந்தத் தொழிலில் பிழைக்க முடியாது என்று வாதாடுகிற ஓனர்கள் உண்டு. எல்லோரும் கூடுதலாக ஏற்றுவதால்தான் டன் வாடகை ஏறவே மாட்டேன் என்கிறது. அது தனிப் பஞ்சாயத்து. நான் சொல்கிற கேஸில் ஓவர்லோடே இல்லை, ஒருத்தருக்கும் ஒரு பைசா லாபமும் இல்லை. அதனால்தான் எரிச்சல் வருகிறது.

இதற்குப் புது மெஷின் எதுவும் வேண்டாம். இருக்கிற எடை மேடையிலேயே மூன்று தடவை நிறுத்தினால் போதும். முதலில் முன் ஆக்ஸில் மட்டும் மேடையில். அடுத்தது குதிரை முழுக்க மேடையில், ட்ரெய்லர் சக்கரம் வெளியே. கடைசியாக முழு வண்டி. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒவ்வொரு ஆக்ஸிலின் எடையும் வந்துவிடும். மேடையும் அதன் இருபக்கத் தரையும் ஒரே மட்டமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிஷ வேலை. ஆக்ஸில்வாரியாக அனுமதித்த எடை ஆர்.சி. புக்கிலேயே இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தச் சீட்டு இல்லாமல் தொழிற்சாலை கேட்டைத் தாண்டி ட்ரெய்லர் வெளியே வரக் கூடாது, சீட்டில் லோடு ஏற்றிய கம்பெனியின் கையெழுத்து இருக்கவேண்டும் என்று விதி வரவேண்டும். அப்போது கிரேன்காரர் தானாகவே டேப் வைத்து அளந்து இறக்குவார்.

கொசுறு: அமெரிக்காவில் பிக்கப் வண்டியில் இதே ஐந்தாவது சக்கரத்தை மாட்டி, வீடு போன்ற ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். விளம்பரத்தில் இத்தனை டன் இழுக்கும் என்று பெரிதாகப் போட்டிருக்கும். ட்ரெய்லர் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை பிக்கப்பின் முதுகில் உட்காரும். 6 டன் ட்ரெய்லர் என்றால் 1.2 முதல் 1.5 டன். எவ்வளவு சுமக்கலாம் என்பதோ டிரைவர் கதவோரம் சின்ன ஸ்டிக்கரில் இருக்கும், அதில் ஆட்களின் எடையும் சேர்த்தி. நம்ம ஏழு சீட் காருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். காலி எடைக்கும் அனுமதித்த மொத்த எடைக்கும் வித்தியாசம் 550 கிலோ என்று வையுங்கள். ஆளுக்கு 65 கிலோ வீதம் ஏழு பேர் ஏறினாலே 455. மீதி 95 கிலோவில் மேலே கட்டுகிற கேரியர், பெட்டிகள், மாமியார் கொடுத்தனுப்பும் அரிசி மூட்டை, தேங்காய், கிரைண்டர்! பொங்கலுக்குக் கிளம்பும் முன் முழு லோடுக்கான காற்று எவ்வளவு என்று கதவோரத்தில் ஒட்டியிருப்பதைப் பார்த்து அடித்துக்கொள்ளுங்கள்.