முதல்ல சேத்தைப் பாருங்கோ

யூலை 26, உலகக் கண்டல் தினம். எங்கட பக்கத்தில அது எப்பிடி நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஒரே நிற ரீசேட் போட்டுக்கொண்டு பஸ்ஸில வந்து இறங்குவம். ஆளுக்கொரு கண்டல் நாற்றைச் சேத்தில வரிசையாக் குத்துவம். போட்டோ, சோத்துப் பார்சல், வீடு.

நாங்களும் போனனாங்கள்தான். கிண்ணியாப் பக்கம் ஒரு கரையில் நட்டோம். நாலு மாதம் கழித்துப் போனால் பச்சையாக ஒண்டும் இல்லை. பாசி சுற்றின குச்சிகள் மட்டும் நின்றன. கூட்டிக்கொண்டு போனவை திரும்பி வரவில்லை. நாங்களும் அந்த நாலு மாதம் எட்டிப் பார்க்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேணும்.

இது எங்கட கரையின் கதை மட்டும் இல்லை. இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களைப் பற்றி 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒன்பது இடங்களில் ஒரு நாற்றுக்கூடத் தப்பவில்லை. பாதிக்கு மேல் தப்பியது கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்று இடங்களில் மட்டும். மூன்றும் மேற்குக் கரை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை மீளமைக்கப் போய், தேறியது 200 - 220 ஹெக்டேயர். காரணங்களில் மர்மம் எதுவும் இல்லை: பிழையான மட்டத்தில் நட்டது, நட்டபிறகு பராமரிக்காதது, மாடு மிதித்தது, பாசி மூடியது.

எங்கட கரையில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. அதனால் கண்டல் வளரக்கூடிய பட்டி ஒடுக்கமானது. ஒரு சாண் கீழே இறக்கி நட்டால் நாற்று நாள் முழுக்கத் தண்ணிக்குள் திணறும். எது சரியான இடம் என்று கண்டலுக்குத் தெரியும். தாய்மரத்தில் தொங்கிக்கொண்டே முளைக்கும் நாற்று விழுந்து, மிதந்து, பொருந்தின இடத்தில் வேர்விடும். தண்ணி வந்துபோகிற வழியை மண் போட்டு மூடாமல் விட்டாலே பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

"நட்டால் விழிப்புணர்வாவது வருமே" என்பார்கள். செத்த குச்சி என்ன விழிப்புணர்வைத் தரும்? காடு என்றால் மரங்களின் எண்ணிக்கை என்ற பொய்யைத்தான் அது பிள்ளைகளுக்குப் படிப்பிக்குது. எல்லாரும் நாற்றை எண்ணுகினம். சேத்தை ஒருத்தரும் பார்க்கேல்லை.

தம்பலகாமக் குடாவில் கண்டல் வேரடியில் ஒரு துளி எடுத்து, பாடசாலை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பாருங்கோ. படகு போல, தட்டுப் போல, ஊசி போலத் தயற்றம்கள். கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவால் ஆன கூட்டில், கம்மாலையில் செதுக்கினது போல வரிவரியாகக் கோடுகள். உலகத்து ஒளித்தொகுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இந்தத் தயற்றக் கூட்டம்தான் செய்கிறது. பக்கத்தில் முள்ளும் பெரிய கண்ணுமாக ஒன்று துள்ளும், நண்டின் குடம்பி. தாயின் சாயல் துளியும் இருக்காது. விழுந்த கண்டல் இலையைப் பங்கசும் பற்றீரியாவும் உக்க வைக்க, அதை நண்டும் இறாலும் தின்ன, அதுகளை மீன் தின்னும். அந்த மீன்தான் கிண்ணியாச் சந்தைக்கு வருது.

இலங்கையில் பிறந்த இராணுவ வைத்தியர் கெலார்ட், 1850களின் கடைசியிலேயே திருகோணமலைக் கடலின் ஓடில்லாத நத்தைகளைத் தேடித் தேடிப் பதிவுசெய்தார். இண்டைக்கு எங்கட பிள்ளைகளுக்குத் திருகோணமலைக் கடல் என்றால் நிலாவெளியும் திமிங்கிலப் படகுச் சவாரியும்தான். அந்த நீலத்திமிங்கிலமும் சின்னஞ்சிறு இறாலைத் தின்றுதான் அந்த உடம்பை வளர்க்குது எண்டு படகில ஆர் சொல்லுகினம்?

2015இல் இலங்கை தன் கண்டல் காடு முழுவதையும் பாதுகாப்பதாக உலகத்துக்கு அறிவித்தது. 2024இல் ஐ.நா. எங்கள் கண்டல் மீளமைப்பை உலக முன்மாதிரிகளில் ஒன்றாகத் தெரிவுசெய்தது. பெருமைதான். பெருமை இருக்கிற இடத்தில் கணக்கும் இருக்கவேணும்.

நடவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பஸ் ஏற முதல் மூன்று கேள்வி கேளுங்கோ. இங்க முந்திக் கண்டல் நின்றதா? தண்ணி எந்த மட்டம் வரை வந்துபோகும்? ஆறு மாதம் கழித்து ஆர் வந்து பார்ப்பினம்? பதில் இல்லையெண்டால் இறங்கிவிடுங்கோ.

இந்த யூலை நாங்கள் நடப் போகேல்லை. முந்தி நட்ட இடங்களில் தப்பினதை எண்ணப் போறம். ஒரு நுணுக்குக்காட்டியும் கொண்டுபோறம். வாறவை வாங்கோ, செருப்பைக் கழட்டிப்போட்டு.