அரசு வழக்கறிஞர் எவருடைய வழக்கறிஞர்?



ஒரு குடும்பத்தில் கொலையோ கொள்ளையோ நேர்ந்துவிட்டால், செஷன்ஸ் நீதிமன்றத்தில் அவ்வழக்கை நடத்துபவர் அக்குடும்பத்தார் அமர்த்திய வக்கீல் அல்லர். அரசு வழக்கறிஞரே ஆவார். குற்றம் என்பது தனி மனிதருக்கு மட்டுமன்றிச் சமூகம் முழுமைக்கும் இழைக்கப்பட்ட தீங்கு என்று சட்டம் கருதுவதே இதற்குக் காரணம்.

அப்படியாயின் அவர் எவருடைய வழக்கறிஞர்? காவல்துறையின் ஆளா? ஆட்சியில் இருப்போரின் ஆளா? இரண்டும் இல்லை. உண்மையைக் கண்டறிய நீதிமன்றத்துக்குத் துணை நிற்க வேண்டியவர் அவர். எப்பாடு பட்டேனும் தண்டனை வாங்கித் தருவது அவருடைய வேலையன்று. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான சான்று இருந்தால் அதனையும் மறைக்காமல் நீதிபதியின் முன் வைக்கக் கடமைப்பட்டவர். பாதிக்கப்பட்டோரின் கண்ணீரும், பொய் வழக்கில் சிக்கிய அப்பாவி இளைஞனின் எதிர்காலமும் ஒருசேர அவர் கையில் இருக்கின்றன.

அந்தக் கை தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்குக் குஜராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கே சான்று. 2002 மார்ச் 1 அன்று வடோதரா நகரில், பெண்களும் குழந்தைகளும் உட்பட 14 பேர் கொல்லப்பட்டனர். விசாரணையில் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தனர். 2003 ஜூனில் 21 பேரும் விடுதலையாயினர். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. சாட்சிகளைக் காக்க முயலாத அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வக்கீலைப் போலவே நடந்துகொண்டதாகத் தோன்றுகிறது என்று 2004 ஏப்ரலில் அந்நீதிமன்றம் கண்டித்தது. மகாராஷ்டிரத்தில் மறுவிசாரணை நடத்த ஆணையிட்டது. புதிய அரசு வழக்கறிஞரை நியமிக்கும்போது, பாதிக்கப்பட்டோரும் பெயரைப் பரிந்துரைக்கலாம் என்றது. 2006இல் மும்பை நீதிமன்றம் 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2012இல் உயர் நீதிமன்றம் அவர்களில் 4 பேரின் தண்டனையை மட்டுமே உறுதி செய்தது. முதலிலேயே முறையாக நடந்திருந்தால் இத்தனை ஆண்டு அலைச்சல் வேண்டியிருந்திருக்குமா?

இன்னோர் அதிகாரமும் அவரிடம் உண்டு. நடக்கும் வழக்கைத் திரும்பப் பெற அவர் மனுச் செய்யலாம். ஆனால் மேலிடம் சொன்னது என்பதற்காக மட்டும் அவர் அதைச் செய்யலாகாது. தாமே ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும். நீதிமன்றமும் இசைய வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 360ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவரின் கருத்தையும் கேட்ட பிறகே அவ்வாறு அனுமதிக்கலாம் என்கிறது.

வாசகர்களே! ‘எல்லாம் சர்க்கார் வக்கீல் பார்த்துக்கொள்வார்’ என்று நாம் வாளாவிருத்தல் தகாது. நீதிமன்ற அனுமதி பெற்று, அவருக்கு உதவியாக நம் சார்பிலும் ஒரு வழக்கறிஞரை அமர்த்திக்கொள்ளலாம். எதிரிகள் விடுதலையானால் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். சாட்சிக்கு மிரட்டல் வந்தால் அன்றே எழுத்து மூலம் முறையிடுங்கள். வாய்தாத் தேதிகளைக் குறித்து வைத்து, நீதிமன்றத்துக்குத் தவறாமல் செல்லுங்கள்.

கண்காணிக்கும் கண்கள் இருக்குமிடத்தில்தான் கடமை தவறக் கைகள் தயங்கும்.